நூற்றுக்குப் பதினைந்து

எங்கள் தெருவுக்கு மூக்கு வந்தது போன வருஷம் ஆனி மாதத்தில். சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. வீட்டுக்கு ஒன்று, வாசல் நிலைக்கு மேலே. உள்ளே ஒரு குட்டி விசிறி காற்றை இழுக்கும். இழுத்த காற்றில் வெளிச்சம் அடித்து, எத்தனை தூசி மின்னுகிறது என்று பெட்டி எண்ணி, முகத்தில் எண்ணாகக் காட்டும். அவ்வளவுதான் சரக்கு. விலை இரண்டு மட்டன் பிரியாணி. அதனால்தான் ஊர் முழுக்க வாரி இறைத்தார்கள். காக்கா உட்கார இடமில்லாமல் பெட்டி ஒட்டினார்கள். தெருக்காரர்கள் அதற்கு மூக்கு என்று பேர் வைத்தோம்.

பட்டறைமேடு வடசென்னையின் மூலையில் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு ஓட்டுநர் இல்லாத லாரிகள் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். ஒரு நாளைக்கு நாலாயிரம் லாரி. நானூறுதான் என்பாள் குணவதி. குணவதி என் மனைவி. நான் சொல்லும் எந்த எண்ணிலும் ஒரு சைபரை அடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. நானூறோ நாலாயிரமோ, முன்பெல்லாம் டிரைவரையாவது திட்டலாம். இப்போது திட்டுவதற்கு உள்ளே ஆளில்லை. ரசத்தில் மிளகுக்குப் பதில் கரி மிதந்தது. எங்கள் தெருவில் பிறந்த வெள்ளைப் பூனை மூன்றாம் நாளே கறுப்புப் பூனை ஆனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மூக்கோடு ஒரு சட்டமும் வந்தது. காலையில் தெருவின் எண் இருநூறைத் தாண்டினால் முனையில் உள்ள தடுப்புக்கட்டை தானாக இறங்கிவிடும். இறங்கினால் மாலைவரை ஏறாது. லாரிகள் தாமாகவே திரும்பி, வீடு வாசல் இல்லாத பொட்டல் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் எங்கள் தெருவின் எண் நூற்றெண்பது. எந்தக் காலையில் பார்த்தாலும் நூற்றெண்பது. கட்டை இறங்கப் போதாது, மனிதன் மூச்சு விடவும் ஆகாது.

அந்த நூற்றெண்பதில் அதிகம் மாட்டிக்கொண்டவள் ரெஜினா. எங்கள் கட்டடத்தில் இரண்டாவது மாடி. புருஷன் போய் எட்டு வருஷம் ஆகிறது. இடியாப்பம் பிழிந்து விற்றுப் பிழைக்கிறாள். அவளுடைய ஒரு நுரையீரலைக் காசநோய் தின்றுவிட்டது. மற்றதில் பாதியைக் கரித்தூசி தின்றது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு அவள் பேசும் பேச்சுக்கு நாலு நுரையீரல் வேண்டும். அவளைப் போன்றவர்களுக்கு மாநகரக் காற்று ஆபீஸ் ஒரு விளக்கு கொடுத்திருந்தது. தெருவின் எண் நூறுக்குக் கீழே இருந்தால் பச்சை: ஜன்னலைத் திற, வெளியே போ. மேலே இருந்தால் சிவப்பு: மூடிக்கொண்டு கிட. ரெஜினாவின் விளக்கு பச்சை என்ற நிறத்தையே அறியாதது. மூடிய அறையில், இடியாப்ப ஆவிக்கு நடுவில், மீன் தொட்டியில் மீன் மாதிரி அவள் வாயைத் திறந்து திறந்து மூடுவாள். “இந்தப் பாதியும் போச்சுன்னா அடுத்தது சிலிண்டர்தான், அப்புறம் கல்லறைதான்” என்று டாக்டர் சொன்னதை அவள் எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வாள்.

நான் கரண்ட் ஆபீஸில் முப்பத்துநாலு வருஷம் மீட்டர் ரீடிங் எடுத்தவன். பெயர் தணிகாசலம் என்பது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். மீட்டரை மனிதர்கள் எப்படியெல்லாம் ஏமாற்றுவார்கள் என்று ஒன்பது புத்தகம் எழுதுகிற அளவுக்குப் பார்த்திருக்கிறேன். மீட்டருக்குள் சிலந்தியை விட்டு வளர்த்தவன்கூட உண்டு. ரிட்டையர் ஆன பிறகு கையும் மூளையும் அரித்துக்கொண்டே இருந்தன.

ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில் குணவதி வாசலில் தணல் வைத்து, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுத் திருஷ்டி கழித்தாள். தெருவே தும்மியது. தலைக்கு மேலிருந்த மூக்கும் தும்மியது. நிமிர்ந்து பார்த்தேன். நானூற்றுப் பத்து.

இரண்டு மாடியையும் ஒரே தாவலில் ஏறினேன்.

“ரெஜினாம்மா, நம்ம தெருவுக்கே திருஷ்டி சுத்திப் போடப் போறேன்.”

“இன்னா ரீடிங்கண்ணா, நான் ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போறவ. மொளகா போட்டேன்னு ஃபாதருக்குத் தெரிஞ்சா என்னிய வெளியவே நிக்க வெச்சிடுவாரு.”

“திருஷ்டி உனக்கில்ல, லாரிக்கு.”

விளக்கிச் சொன்னேன். காலை ஆறு மணிக்கு முப்பத்தெட்டு வீட்டு வாசலிலும் ஒரே நேரத்தில் தணல், மிளகாய். பத்தே நிமிஷம். கட்டை இறங்கும். அரை மணி நேரத்தில் புகை கலையும். அதற்குப் பிறகு பகல் முழுக்க லாரி இல்லாத தெரு.

ரெஜினா இடியாப்ப உரலைக் கீழே வைத்தாள். “பொட்டியப் போயி ஏமாத்தறதா? வாயில்லாததுண்ணா அது.”

“நூத்தி எம்பதுக்கும் எரநூறுக்கும் நடுவுல இருக்கறது இருபது. அந்த இருபதுலதான் உன் உசுரு மாட்டிகினு இருக்குது. யாரு ஏமாத்துறா, நாமளா, சட்டமா?”

மூச்சை இழுத்துக்கொண்டாள். “நீ சொல்றதுல கால்வாசி நெசம்னாலும் எனக்குப் போதும். செய்யி.”

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பட்டறைமேட்டில் எழுந்த புகையை இலங்கையில் பார்த்தார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். எண் ஐந்நூற்று நாற்பது. கட்டை இறங்கியது. முதல் லாரி வந்து, ஜல்லிக்கட்டுக் காளை மாதிரி நின்று, யோசித்து, பின்னாலேயே போனது. முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் கண்ணீரும் சளியுமாகக் கை தட்டினோம்.

ஏழு மணிக்குத் தெருவின் எண் எண்பத்தைந்து. ரெஜினாவின் விளக்கு பச்சை.

அடுத்து வந்த மூன்று மாதத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது. ரெஜினா முதலில் ஜன்னலைத் திறந்தாள். பிறகு கதவை. மூன்றாவது வாரம் படியிறங்கி வந்து, தெருமுனை மில்லில் தானே நின்று அரிசி மாவு அரைத்துக்கொண்டு போனாள். மொட்டை மாடியில் வெள்ளைப் புடவை காயப் போட்டு, “பாரு ரீடிங்கண்ணா, சாயங்காலம் வரிக்கும் வெள்ளையாவே இருக்குது!” என்று கூவினாள். அந்தக் கூவலை மூச்சு வாங்காமல் கூவினாள். நான் தெருவில் நடந்தால் ஜனங்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு நாற்பது டீ.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு காலையில் கட்டை இறங்கவில்லை.

மிளகாய் கருகிக்கொண்டிருந்தது, எண் எண்பத்தொன்று. இன்னொரு கை மிளகாய் போட்டோம். எழுபத்தைந்து. ஒருவன் பழைய துடைப்பத்தையே தணலில் போட்டான். லாரிகள் அந்தப் புகைக்குள்ளேயே வரிசையாகப் புகுந்து போயின. ஒரு வாரம் இப்படியே. தெருவே என்னைப் பார்த்தது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு காற்று ஆபீஸுக்குப் போனேன். அன்று டிசம்பர் நாலு.

அங்கே பர்வீன் என்று ஒரு இன்ஜினியர். முப்பது வயதுக்குள் இருக்கும். திரையில் எங்கள் தெருவை எடுத்துக் காட்டினாள்.

“சார், இந்தப் பொட்டி மலிவு. எது லாரித் தூசி, எது அடுப்புப் புகைன்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. அதனால பின்னாடி ஒரு பெரிய மிஷின் நாலு லட்சம் பொட்டியையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுக்கிட்டே இருக்கும். யாரு உண்மை சொல்றா, யாரு கூட்டிச் சொல்றான்னு அதுவே கத்துக்கும். தெருவுக்குத் தெரு ஒரு நம்பிக்கை எண் வைக்கும்.”

“எங்களுது எவ்ளோம்மா?”

“நூத்துக்குப் பதினஞ்சு.” அவளுக்கே சிரிப்பு வந்தது. “ஆறு மணிக்கு எல்லாப் பொட்டியும் கம்பம் மாதிரி எகிறுது, ஆறரைக்கு விழுது. பக்கத்துத் தெருவுல ஒண்ணுமே இல்ல. மூணு மாசம் பார்த்திருக்கு. உங்க தெரு கொஞ்சம் மிகைப்படுத்துதுன்னு முடிவு பண்ணிடுச்சு. இப்போ உங்க பொட்டி எதைச் சொன்னாலும் அதுல நூத்துக்குப் பதினஞ்சைத்தான் எடுத்துக்கும்.”

ஒரு இயந்திரம் என்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில் எனக்கு உள்ளூர ஒரு குஷிகூட வந்தது.

“தெருவுல ஏதாவது கொளுத்துறீங்களா சார்? உண்மையைச் சொல்லி எழுதிக் குடுத்துட்டா இன்னிக்கே நம்பிக்கையை நூறுக்கு ஏத்திடலாம். ஆனா பொட்டியில கை வெச்ச தெருவுக்கு ஒரு வருஷம் கட்டை இறங்காது. விதி.”

“இல்லன்னா?”

“பொட்டி பழுதுன்னு எழுதிக்கறேன். தொண்ணூறு நாள் ஒழுங்கா இருந்தா தானா ஏறிடும்.”

ஒரு வருஷமா, தொண்ணூறு நாளா? நான் சொன்னேன்: “எங்க தெருவா? கற்பூரம்கூட ஏத்த மாட்டாங்கம்மா. மொத்தமும் நாத்திகருங்க.”

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு பட்டியலைப் பார்த்து நிமிர்ந்தாள். “உங்க தெருவுல ஒருத்தங்களுக்கு மூச்சு விளக்கு குடுத்திருக்கோம். விளக்குக்கும் இதே குறைச்ச எண்தான் போகுது சார். எவ்வளவு தூசி இருந்தாலும் பச்சையாத்தான் காட்டும். தொண்ணூறு நாளைக்கு அதை நம்ப வேணாம்னு சொல்லிடுங்க. நாங்களும் மெசேஜ் அனுப்புவோம். ஆனா யாரு படிக்கிறா?”

“அது என் தங்கச்சி மாதிரிம்மா. நான் சொல்லிடறேன்.”

சொல்லிடறேன் என்றுதான் சொன்னேன்.

தெருவில் முப்பது பேர் காத்திருந்தார்கள். “விளாசிட்டு வந்தேன்” என்றேன். “பெரிய ஆபீசரே எழுந்து நின்னுட்டாரு. மிஷின் கோளாறாம். மூணு மாசத்துல சரி பண்ணித் தரேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அதுவரிக்கும் மொளகாய நிறுத்துங்க.” டீ வந்தது.

மறுநாள் விஷயத்தைச் சொல்வதற்காகவே ரெஜினா வீட்டுக்குப் போனேன். அன்று அவள் புருஷனின் நினைவு நாள். ஜன்னலின் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தன. கீழே லாரி ஒன்று கடகடத்துப் போனது. மேஜைமேல் விளக்கு, மரகதம் மாதிரி பச்சை.

“வா ரீடிங்கண்ணா. தேங்காப்பால் ஊத்தட்டுமா? இன்னாண்ணா இது, லாரியும் போவுது, வெளக்கும் பச்சையா கீது. எனக்கு ஒண்ணும் புரியல.”

வாயில் இடியாப்பம் இருந்தது. அதை விழுங்கும் நேரத்துக்குள் யோசித்தேன். இவளிடம் உண்மையைச் சொன்னால் நேற்று சாயங்காலம் தெருவில் விட்ட கதையெல்லாம் கழன்றுவிடும். ஆபீசர் எழுந்து நின்றது, கையெழுத்து, டீ, எல்லாம்.

“லாரிக்கு அடியில தூசி உறிஞ்சுற மிஷின் மாட்டிட்டாங்க ரெஜினாம்மா. ஜப்பான் சரக்கு. லாரி போனா இப்ப ரோடு சுத்தமாவுது. பெருக்கத் தேவையில்ல.”

“நெசமாவா?”

“நானே குனிஞ்சு பார்த்தேன்.”

அவள் கையைக் கூப்பி, புருஷன் படத்தைப் பார்த்து, “கேட்டுகினியா, நீ இருந்து பார்க்கலியே” என்றாள். இரண்டாவது தட்டையும் நான் சாப்பிட்டேன்.

அப்புறம் நாற்பது நாள். உண்மையில் நூற்றெண்பது, விளக்குக்குப் போனது இருபத்தேழு. கொடைக்கானல்காரன் மூச்சுவிட எங்கள் தெருவுக்கு வர வேண்டும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ரெஜினா தூங்கும்போதுகூட ஜன்னலை மூடவில்லை. மாடியில் காய்ந்த புடவை சாம்பல் நிறமாயிற்று. “சோப்பு சரியில்ல” என்றாள். படியேறும்போது நடுவில் உட்கார ஆரம்பித்தாள். “வயசாவுதுல்ல” என்றாள். நான் நாள்காட்டியில் நாளைக் கிழித்துக்கொண்டிருந்தேன். இன்னும் அறுபது, இன்னும் ஐம்பத்தைந்து, எல்லாம் தானே சரியாகிவிடும் என்று.

போகிக்கு விடிந்தபோது ஊரே பாயும் டயரும் கொளுத்தியது. எதிர்வீடு தெரியவில்லை. என் வாசல் மூக்கின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. குண்டூசி வைத்து அழுத்தினால் பெட்டி தான் எண்ணியதைக் கழிக்காமல் காட்டும். அதைக் கண்டுபிடிக்காவிட்டால் நான் என்ன மீட்டர்க்காரன்? அழுத்தினேன். அறுநூற்று இருபது. போனில் சென்னை முழுக்கச் சிவப்பு. நடுவில் பட்டறைமேடு மட்டும் பச்சைப் பொட்டு: தொண்ணூற்று மூன்று.

மேலே ஓடினேன். ரெஜினா போகி ஆர்டருக்கு இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். ஜன்னல் திறந்திருந்தது. வாசலில் பாத்திரத்தோடு நாலைந்து பேர்.

“ஜன்னல சாத்து! வெளிய அறுநூத்து இருபது!”

“பச்சையா எரியுது பாரு.”

“வெளக்கு பொய்யி!”

“போன மாசம் ஜப்பான் மிஷின்னே. இப்ப வெளக்கு பொய்யின்றே. உன் வாயில எறும்பு பூந்தா யானையா வெளிய வரும்.” வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், சிரிப்பு இருமலானது.

அப்போது ஒரு வாக்கியம் போதும். ‘விளக்கு பொய் சொல்லும் என்று நாற்பது நாளுக்கு முன்பே ஆபீஸில் எனக்குச் சொன்னார்கள்.’ அவ்வளவுதான். பாத்திரங்களோடு நின்ற முகங்களைப் பார்த்தேன். “ஏதோ மிஷின் கோளாறு மாதிரி தெரியுது” என்றேன்.

எனக்காக ஜன்னலின் ஒரு கதவை மட்டும் சாத்தினாள்.

பத்து மணிக்குக் குணவதிதான் அவளைப் பார்த்தாள். மாவுப் பாத்திரத்தின் பக்கத்தில், உதடு நாவல்பழ நிறத்தில்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் திறந்து பேசினாள். முகமூடிக்குள்ளிருந்து வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. மிச்சப் பாதியிலும் பாதி போய்விட்டது. இனி வீட்டில் சிலிண்டர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆபீஸ், பதினைந்து, பர்வீன் சொன்னது, நான் சொல்லாதது, ஜப்பான் மிஷின். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

அவள் என் கையைத் தட்டினாள். “சும்மா இரு ரீடிங்கண்ணா. அவங்க ஏதோ இங்கிலீஷ்ல சொல்லிருப்பாங்க, உனக்குப் பாதி புரிஞ்சிருக்காது. நீ எதையும் பெருசாக்குவே. பழியக்கூட பெருசா இஸ்து மேல போட்டுக்குவியா?”

“இல்ல ரெஜினாம்மா, நெசமா...”

“ஊட்டுக்குப் போனதும் மொதல்ல அந்த ஜன்னலத் தொறக்கணும். இங்க மருந்து நாத்தம் தாங்கல.”

அன்று நான் லேசான மனசோடுதான் வீட்டுக்கு வந்தேன். அதையும் மறைக்கக் கூடாது. மன்னிப்பு கிடைத்துவிட்டது, இலவசமாக. ஆனால் படுத்தபிறகு அந்தக் கடைசி வாக்கியம் தூங்கவிடவில்லை. வீட்டுக்கு வருவாள். விளக்கு பச்சையாக இருக்கும். இன்னும் நாற்பத்தைந்து நாள் பாக்கி. என் வாயால் சொல்லி அவள் ஜன்னலை மூட மாட்டாள். விளக்குதான் சொல்ல வேண்டும்.

காலையில் காற்று ஆபீஸில் போய் எழுதிக் கொடுத்தேன். தேதி, நேரம், எத்தனை வீடு, டிசம்பர் நாலாம் தேதி என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன். ஒன்றரைப் பக்கம்.

பர்வீன் இரண்டு முறை படித்தாள். “அந்த விளக்கு வீட்டுக்கு... சொல்லவேயில்லையா சார்?”

“இல்லம்மா.”

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கணினிப் பக்கம் திரும்பி, எங்கள் தெருவின் பதினைந்தை அழித்து நூறு என்று அடித்தாள். பிறகு, “இதைத் தெருவுல ஒட்டணும் சார். விதி” என்றாள்.

முனையில் ஒட்டினார்கள். ஒரு வருஷத்துக்குக் கட்டை இறங்காது என்று கீழே தடித்த எழுத்து. தெருவில் எனக்கு வழி விட்டார்கள், பேச்சுக் கொடுக்கவில்லை. குணவதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நின்றபடி, முழுசும் படித்தாள். ஒரு சைபரையும் அடிக்கவில்லை. அன்று எனக்குத் தனியாகத் தட்டு வைத்தாள்.

ரெஜினா பிப்ரவரி முதல் வாரம் வந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் நாற்காலியோடு தூக்கி மேலே விட்டார்கள். முனையில் வண்டி நின்றபோது அவள் அந்தக் காகிதத்தைப் படித்தாள் என்று குணவதி சொன்னாள். நிறுத்தச் சொல்லிப் படித்தாளாம்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். ஜன்னல் மூடியிருந்தது. விளக்கு சிவப்பு. சிலிண்டரிலிருந்து குழாய் அவள் மூக்குக்குப் போயிருந்தது. உரல் மேஜைக்கு அடியில், துணி சுற்றி.

“ரெஜினாம்மா.”

அவள் திரும்பவில்லை. “டிசம்பர் நாலுன்னு போட்டிருக்குது.”

“ஆமா.”

“அஞ்சாந் தேதி எங்க ஊட்டுக்காரரு நாளு. இங்கதான் குந்திகினு இருந்தே. ரெண்டு தட்டு சாப்ட்டே.” மூச்சு வாங்கியது. குழாயைச் சரி செய்துகொண்டாள். “நான் அவுரு படத்துகிட்ட கும்புட்டுச் சொன்னேன். நீ பார்த்துகினே இருந்தே.”

“நான் ஆஸ்பத்திரியிலயே சொன்னேன்...”

“சொன்னீங்க.” முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். கோபமாக இருந்தால்கூட எனக்குத் தெரிந்த முகமாக இருந்திருக்கும். கரண்ட் பில் எடுக்க வந்த புது ஆளை வாசலில் வைத்துப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். “நான்தான் எப்பவும் போல கதைன்னு நெனச்சிட்டேன்.”

கீழே லாரி போனது. மேஜையில் தண்ணீர் டம்ளர் நடுங்கி நின்றது.

“ஏதாவது வேணுமா? மாவு, மருந்து...”

“ஒண்ணும் வேணாம் சார். தூசி வருது. கதவ சாத்திகினு போங்க.”

சாத்திக்கொண்டு வந்தேன்.